மின்கம்பி எட்டாத வீடுகளில் சோலார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் மின்சாரமே இல்லாமல் உலகில் இன்னும் சுமார் 66 கோடிப் பேர் இருக்கிறார்கள். இது 2023-ஆம் ஆண்டுக் கணக்கு. அவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் வாழ்கிறார்கள். கம்பி வரும்வரை காத்திருக்காமல், கூரைமேல் ஒரு பேனலை வைத்தே இந்த வீடுகளுக்கு வெளிச்சம் கொடுக்கலாம் என்று சொல்கிறார்கள். கொடுக்கலாம், உண்மைதான். ஆனால் அந்த வெளிச்சம் ஐந்து வருடம் கழித்தும் எரிய வேண்டுமே? அதற்குப் பணம், பேட்டரி, பழுதுபார்க்க ஆள், அரசின் பொறுப்பு எல்லாம் வேண்டும். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன.

'ஆஃப்-கிரிட் சோலார்' என்று எதைச் சொல்கிறார்கள்?

நாட்டின் பொது மின்தொகுப்போடு இணையாமல் தனியாக இயங்கும் சூரிய மின் ஏற்பாடுகள் எல்லாம் இதில் அடங்கும். மிகச் சிறியது சோலார் விளக்கு: உள்ளங்கை அளவு பேனல், ஒரு எல்இடி, செல்போன் சார்ஜ் செய்ய ஓர் இணைப்பு. அடுத்தது வீட்டு சோலார் அமைப்பு. கூரையில் 10 முதல் 100 வாட் வரை பேனல், உள்ளே ஒரு பேட்டரி, அந்தப் பேட்டரியைக் காக்கும் சார்ஜ் கன்ட்ரோலர், சில விளக்குகள், ரேடியோ, வசதி இருந்தால் டிவி. மூன்றாவது மினி கிரிட். ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் பேனல்களும் பேட்டரிகளும் வைத்து, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுப்பார்கள்.

மூன்றுக்கும் செலவு வேறு, பயன் வேறு, சிக்கல் வேறு. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து 'சோலார் வந்தாச்சு' என்று பேசும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

நேராக மின்கம்பி இழுத்துவிட்டால் போதாதா?

முடிந்த இடத்தில் அதுதான் நல்லது. வீடுகள் நெருக்கமாக இருந்து, பக்கத்திலேயே மின்பாதையும் போனால் கம்பிதான் மலிவு, அதில்தான் எல்லாக் கருவிகளும் ஓடும். வீடுகள் மைல் கணக்கில் சிதறிக் கிடக்கும் இடங்களில்தான் கணக்கு மாறுகிறது. கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், கம்பி என்று ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு நூற்றுக்கணக்கான டாலர்களில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டிவிடும். அந்த வீடோ மாதத்துக்குச் சில யூனிட் மட்டுமே பயன்படுத்தும். மின் நிறுவனத்துக்குப் போட்ட பணம் திரும்பவே திரும்பாது.

இன்னொன்றும் உண்டு. கம்பி வாசலில் போனாலும் இணைப்பு வாங்க முடியாத வீடுகள் ஏராளம். மேற்கு கென்யாவில் நடந்த ஒரு கள ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அப்போதைய இணைப்புக் கட்டணம் 35,000 ஷில்லிங். அந்த விலையில் ஏறக்குறைய யாருமே வாங்கவில்லை. 15,000 ஷில்லிங்குக்குக் கொடுத்தபோதும் கால்வாசிக் குடும்பங்கள்கூட வரவில்லை. இலவசமாகக் கொடுத்தபோது கிட்டத்தட்ட எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மக்களுக்கு மின்சாரத்தில் ஆர்வமில்லை என்று இதற்குப் பொருள் சொல்வது தவறு. கையில் மொத்தப் பணம் இல்லை, அவ்வளவுதான்.

சின்னப் பேனல் ஒன்று இருந்தால் அது 'மின்சாரம் உள்ள வீடு' ஆகிவிடுமா?

யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் உலக வங்கியின் எரிசக்திப் பிரிவு 2015-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டது. இருக்கு, இல்லை என்று இரண்டாகப் பிரிக்காமல், பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை படிகள் வைத்தார்கள். முதல் படிக்கு ஒரு நாளைக்கு 12 வாட்-மணி மின்சாரம் (ஒரு வாட் கருவி 12 மணி நேரம் ஓடும் அளவு) போதும். விளக்கு ஒன்று, போன் சார்ஜ், முடிந்தது. இரண்டாம் படிக்கு 200 வாட்-மணி. டிவி, விசிறி வரும். மூன்றாம் படி நாளைக்கு 1 யூனிட், அதாவது 1,000 வாட்-மணி. ஐந்தாம் படிக்கு 8.2 யூனிட், அதுவும் நாளில் 23 மணி நேரம் கிடைக்க வேண்டும்.

முதல் படிக்கும் ஐந்தாம் படிக்கும் நடுவே கிட்டத்தட்ட 700 மடங்கு இடைவெளி. 'இத்தனை லட்சம் பேருக்கு மின்சாரம் கொடுத்தோம்' என்று ஓர் அறிக்கை சொன்னால், எந்தப் படி என்று கேட்காமல் அந்த எண்ணை நம்பக் கூடாது. இருட்டில் இருந்த வீட்டுக்கு முதல் படியே பெரிய விஷயம். அதை மறுக்கவில்லை. ஆனால் ஓர் அரசு அங்கேயே கணக்கை முடித்துக்கொண்டால், அந்தக் குடும்பத்தை நிரந்தரமாக ஒரு விளக்கோடு நிறுத்திவிட்டது என்றுதான் அர்த்தம்.

வீட்டு அமைப்பில் என்ன ஓடும், என்ன ஓடாது?

50 வாட் பேனல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நல்ல வெயிலில் ஐந்து மணி நேரம் முழுத் திறனுக்குச் சமமாக வேலை செய்தால் 250 வாட்-மணி வரும். பேட்டரியில் ஏற்றி இறக்குவதில் போகும் இழப்பைக் கழித்தால் கைக்குக் கிடைப்பது 180 போல இருக்கும். 5 வாட் விளக்கு நான்கு, தலா நான்கு மணி நேரம்: 80. இரண்டு போன்: 20. 15 வாட் டிவி மூன்று மணி நேரம்: 45. ஆக 145 போய்விட்டது. மிச்சம் மேகமூட்டமான நாளுக்கு. இதில் 20 வாட் விசிறியை இரவு முழுக்க ஓட்டினால் அதற்கே 160 வேண்டும். விசிறியா, மற்றதெல்லாமா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்துவிடும்.

இதில் இஸ்திரிப் பெட்டி ஓடாது. தண்ணீர் சூடாக்க முடியாது. சமைக்கவும் முடியாது, மின்சார அடுப்பு 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உலகில் 200 கோடிக்கும் மேற்பட்டோர் இன்னும் விறகு, கரி, சாணத்தை எரித்துத்தான் சமைக்கிறார்கள். கூரையில் பேனல் வந்தபிறகும் அந்தப் புகை அப்படியே இருக்கும். சமையலுக்குத் தனித் திட்டம் வேண்டும்.

இவ்வளவு சின்ன பேனலில் இத்தனையாவது ஓடுவதற்கு எல்இடிதான் முக்கியக் காரணம். பழைய குண்டு பல்பு காலத்தில் இதே பேனல் ஒரு விளக்குக்கே திணறியிருக்கும்.

கையில் காசே இல்லாத குடும்பம் இதை எப்படி வாங்குகிறது?

தவணையில். ஆனால் வங்கித் தவணை இல்லை. கென்யாவில் 2007-இல் எம்-பெசா என்ற செல்போன் பணப்பரிமாற்றம் வந்தது. வங்கிக் கணக்கு இல்லாதவரும் போனிலிருந்து சிறு தொகை அனுப்ப முடிந்தது. அதன்மேல்தான் எம்-கோபா போன்ற சோலார் விற்பனை நிறுவனங்கள் 2012 முதல் தங்கள் வியாபாரத்தைக் கட்டின. ஒரு முன்பணம், அப்புறம் ஒரு வருடம் வரை தினமும் ஏறக்குறைய 50 ஷில்லிங். சோலார் பெட்டிக்குள்ளேயே சிம் கார்டு இருக்கும். பணம் வந்தால் பெட்டி வேலை செய்யும், வராவிட்டால் தொலைவிலிருந்தே பூட்டிவிடுவார்கள். முழுத் தொகையும் கட்டியதும் பூட்டு நிரந்தரமாகத் திறக்கும், பெட்டி குடும்பத்துக்குச் சொந்தம்.

இது எடுபட்டதற்குக் காரணம், அந்த வீடுகள் ஏற்கெனவே செலவு செய்துகொண்டிருந்தன. மண்ணெண்ணெய், டார்ச் பேட்டரி, கடையில் காசு கொடுத்து போன் சார்ஜ் என்று தினமும் சில்லறை போய்க்கொண்டே இருந்தது. அதே சில்லறையைத் தவணையாக மாற்றினார்கள். ஏழைகளின் வரவு தினசரி வரவு. கட்டணமும் தினசரிக் கட்டணமாக இருந்தது. இந்தப் புரிதலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தவணை கட்ட முடியாமல் போனால்?

விளக்கு அணையும். இந்தத் துறையில் என்னை அதிகம் உறுத்தும் இடம் இதுதான். விவசாயக் குடும்பத்துக்கு அறுவடை மாதங்களில் பணம் வரும், மற்ற மாதங்களில் வராது. மழைக்காலத்தில் பேனலிலும் குறைவாகத்தான் மின்சாரம் வரும். வரவும் இல்லை, வெளிச்சமும் குறைவு, தவணை மட்டும் அப்படியே நிற்கும். சில நிறுவனங்கள் சில நாள் இடைவெளி விட்டுக் கட்ட அனுமதிக்கின்றன. சில, நீண்ட நாள் கட்டாதவர்களின் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன.

மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் தவணைக்காரர் ரொக்கத்துக்கு வாங்குபவரைவிடக் கணிசமாக அதிகம் கட்டுகிறார். வட்டி, வசூலிக்கும் ஆட்களின் செலவு, கட்டாமல் போனவர்களால் வந்த நஷ்டம் எல்லாம் அந்தத் தினசரித் தொகைக்குள் இருக்கின்றன. மொத்த விலை எவ்வளவு என்பதை வாங்குமுன் அவர்களுடைய மொழியில், ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டும். இதைச் சட்டமாக்குவதில் அரசுகள் தயங்கக் கூடாது.

நிறுவனங்களுக்கும் இது சுலபமான தொழில் இல்லை. டாலரிலோ யூரோவிலோ கடன் வாங்கி, உள்ளூர் நாணயத்தில் வசூலிக்கிறார்கள். உள்ளூர் நாணயம் சரிந்தால் கணக்கு கவிழும். கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரிதாக வளர்ந்த மோபிசோல் என்ற ஜெர்மன் நிறுவனம் 2019-இல் திவால் நடவடிக்கைக்குப் போய், பின்னர் 'எஞ்சி' (Engie) என்ற பிரெஞ்சு எரிசக்தி நிறுவனத்தின் கைக்கு மாறியது. விற்றவரே இல்லாமல் போனால் உத்தரவாத அட்டையை யாரிடம் நீட்டுவது?

இதனால் வாழ்க்கை மாறியதாக ஆதாரம் இருக்கிறதா?

சில விஷயங்களில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. மண்ணெண்ணெய்ச் செலவு குறைவது திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. ருவாண்டாவின் கிராமங்களில் சிறிய சோலார் பெட்டிகளை வைத்து நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. அதிலும் மண்ணெண்ணெய்க்கும் டார்ச் பேட்டரிக்கும் போகும் பணம் குறைந்ததைப் பார்த்தார்கள். புகை குறைகிறது, தீக்காய ஆபத்து குறைகிறது, குழந்தைகள் தவறுதலாக மண்ணெண்ணெய் குடித்துவிடும் விபத்துக்கும் வாய்ப்பு குறைகிறது. போன் எப்போதும் உயிரோடு இருக்கிறது. பணமே போனில் நடமாடும் நாடுகளில் இது சாதாரண வசதி இல்லை.

வருமானம் உயர்ந்ததா, படிப்பு முன்னேறியதா என்று கேட்டால் பதில் மங்கலானது. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் சிறு சோலார் மின்தொகுப்புகளை வைத்து நடந்த ஆய்வும் 2017-இல்தான் வந்தது. விளக்கு வந்தது, மண்ணெண்ணெய்ச் செலவு குறைந்தது. சேமிப்பிலோ, தொழில் தொடங்குவதிலோ, படிக்கும் நேரத்திலோ மாற்றம் தெரியவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சில வாட் மின்சாரத்தில் மாவு அரைக்க முடியாது, தண்ணீர் இறைக்க முடியாது. விளக்கிடம் விளக்கின் வேலையைத்தான் எதிர்பார்க்கலாம். இருட்டில் பயமில்லாமல் நடமாடுவது, இரவில் பிரசவ வலி வந்தால் வெளிச்சத்தில் பார்க்க முடிவது, இவையெல்லாம் வருமானக் கணக்கில் வராது. வராததால் அவை மதிப்பில்லாதவை ஆகிவிடாது.

பங்களாதேஷை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்களே, அங்கே என்ன நடந்தது?

உலகின் மிகப் பெரிய வீட்டு சோலார் திட்டங்களில் ஒன்று அங்கே நடந்தது. 2003-இல் தொடங்கியது. இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம் உலக வங்கி போன்றோரிடமிருந்து பணம் பெற்று, கிராமீன் சக்தி போன்ற உள்ளூர் அமைப்புகள் வழியாக வீடுகளுக்குக் கடனில் சோலார் அமைப்புகளைக் கொண்டுபோனது. குடும்பம் சிறு முன்பணம் கட்டி, மீதியை இரண்டு மூன்று வருடங்களில் அடைக்கும். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஏறத்தாழ 2 கோடி மக்கள்.

இது வெற்றி பெற்றதற்குப் பேனலைவிட ஆட்களே காரணம் என்பது என் கருத்து. தவணை வசூலிக்க மாதம்தோறும் வீட்டுக்கு வருபவரே பேட்டரியையும் பார்த்துவிட்டுப் போவார். பொருளின் தரத்தைப் பரிசோதித்த பிறகே கடன். மானியத்தையும் படிப்படியாகக் குறைத்தார்கள்.

அப்புறம் நிலைமை மாறியது. அரசு மின்கம்பியை எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கொண்டுபோனது. இன்னொரு பக்கம், வேறொரு அரசுத் திட்டத்தில் சோலார் இலவசமாகவே கிடைக்க ஆரம்பித்தது. இலவசம் வரும் என்று தெரிந்தால் யார் தவணை கட்டுவார்கள்? கடன்கள் நிலுவையாகின, கிராமங்களில் வேலை பார்த்த அமைப்புகள் தடுமாறின, புதிய விற்பனை வற்றியது. 2022-இல் நாடு முழுவதும் மின்சாரம் சேர்ந்துவிட்டதாக அரசு அறிவித்தது. மக்கள் பார்வையில் இது நல்ல முடிவு. 15 வருடம் இருட்டில் காத்திருக்காமல் அவர்கள் வெளிச்சத்தில் காத்திருந்தார்கள். ஆனால் கம்பி எந்த ஊருக்கு எந்த வருடம் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அத்தனை நஷ்டம் வந்திருக்காது.

மினி கிரிட் இதைவிட நல்லதா?

ஊர் நெருக்கமாக இருந்து, அங்கே மில், வெல்டிங் பட்டறை, குளிர்சாதனம் வைத்த கடை போன்றவை இருந்தால், ஆம். பகலில் மின்சாரம் வாங்கத் தொழில்கள் இருந்தால்தான் அது தாக்குப்பிடிக்கும். வெறும் விளக்குகளை நம்பி மினி கிரிட் போட்டால் வருமானம் போதாது. யூனிட் விலை பொது மின்தொகுப்பைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பதும் வழக்கம்.

பெரிய பயம், நாளைக்கு அரசுக் கம்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்பது. பீகாரின் தர்னாய் கிராமத்தில் 2014-இல் 100 கிலோவாட் சோலார் மினி கிரிட்டைக் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடங்கிவைத்தது. ஊர் மக்களோ எங்களுக்கு 'அசல் மின்சாரம்' வேண்டும் என்று கேட்டார்கள். விரைவில் மலிவான அரசு மின்சாரம் வந்தது, மினி கிரிட் கைவிடப்பட்டது. நைஜீரியா 2016-இல் கொண்டுவந்த விதிமுறைகள் இதற்கு நேரடியாக வழி சொல்கின்றன: அனுமதி பெற்ற மினி கிரிட் இருக்கும் இடத்துக்குக் கம்பி வந்தால், அதை மின்தொகுப்போடு இணைத்து நடத்தலாம், அல்லது இழப்பீடு பெற்றுக்கொண்டு ஒப்படைக்கலாம். முதலீடு போடுபவருக்கு இந்த ஒரு விதி ஆயிரம் பேச்சுக்குச் சமம்.

பேட்டரி எத்தனை வருடம் வரும்? செத்த பேட்டரி எங்கே போகிறது?

பேனல் 20 வருடம் தாண்டியும் உழைக்கும். பேட்டரிதான் முதலில் போகும். ஈய-அமில பேட்டரி பெரும்பாலும் 2 முதல் 5 வருடம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை அதைவிட நெடுநாள் வரும், விலையும் வேகமாகக் குறைந்து வருகிறது. பேட்டரியைச் சீக்கிரம் கொல்வது எது தெரியுமா? சார்ஜ் குறைந்து கன்ட்ரோலர் மின்சாரத்தை நிறுத்தியதும், அதை ஒதுக்கிவிட்டு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் எடுப்பது. அன்றைய இரவு விளக்கு எரியும். இப்படி அடியோடு வடியவிட்ட பேட்டரி சில மாதங்களில் பயனற்றுப் போகும்.

புதிய பேட்டரியின் விலை பல குடும்பங்களுக்கு மறுபடி ஒரு மலை. அதனால் நல்ல நிலையில் உள்ள பேனல் கூரையில் சும்மா கிடக்கும். பழைய பேட்டரிக்குள் இருக்கும் ஈயமோ கடும் நஞ்சு. செனகலின் டாக்கருக்கு அருகே தியாரோய் சுர் மேர் என்ற இடத்தில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த தொழிலால் 2007-08-இல் 18 குழந்தைகள் இறந்தார்கள். அவை முக்கியமாக வாகன பேட்டரிகள். ஆனால் ஈயம் எதிலிருந்து வந்தாலும் ஈயம்தான். பேட்டரியை விற்கும் ஒவ்வொரு திட்டமும் அதைத் திரும்ப வாங்கும் ஏற்பாட்டோடு வர வேண்டும்.

தரமான பொருளை எப்படி அடையாளம் காண்பது?

உலக வங்கிக் குழுமத்தின் லைட்டிங் ஆப்பிரிக்கா திட்டம் தொடங்கிவைத்த தரப் பரிசோதனை இப்போது வெராசோல் என்ற பெயரில் தொடர்கிறது. சோதித்துத் தேறிய பொருள்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். சந்தையில் விற்பவற்றில் நிறைய இந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பவை. எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் மட்டமான விளக்கு ஒன்று ஆறு மாதத்தில் அணைந்தால், அந்த ஊரே சோலார்மேல் நம்பிக்கை இழந்துவிடும்.

மானியம் கொடுத்தால் சந்தை கெட்டுவிடாதா?

கண்டபடி கொடுத்தால் கெடும், பங்களாதேஷில் பார்த்தோம். ஆனால் மானியமே வேண்டாம் என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். நகரத்தில் கம்பி வழியாக மின்சாரம் வாங்குபவரும் மானியத்தில்தான் வாங்குகிறார். 39 ஆப்பிரிக்க நாடுகளின் மின் நிறுவனங்களை ஆராய்ந்து உலக வங்கி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், முழுச் செலவையும் கட்டணத்தில் ஈட்டியவை இரண்டு நாடுகளில் மட்டுமே இருந்தன: செஷல்ஸ், உகாண்டா. நகரவாசிக்குக் கொடுக்கலாம், தொலைதூரக் கிராமத்தின் ஏழைக்குக் கொடுத்தால் மட்டும் சந்தை கெடுமா?

எப்படிக் கொடுப்பது என்பதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. டோகோ 2019-இல் குடும்பத்தின் மாதத் தவணையில் ஒரு பகுதியை அரசே ஏற்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ருவாண்டாவில் குடும்பம் எவ்வளவு ஏழையோ அந்த அளவுக்கு மானிய விகிதம் கூடும். கென்யா, வளர்ச்சியில் பின்தங்கிய 14 மாவட்டங்களுக்கென்று உலக வங்கிக் கடனோடு தனித் திட்டம் வகுத்தது.

வரியும் மானியத்தின் மறுபக்கம்தான். அதே கென்யா 2020-இல் சோலார் பொருள்கள்மீது 14 சதவீத மதிப்புக் கூட்டு வரி போட்டு, அடுத்த ஆண்டே விலக்கிக்கொண்டது. இப்படி ஏறி இறங்கினால் யாரும் நெடுநாள் திட்டம் போட முடியாது.

2030-க்குள் எல்லோருக்கும் மின்சாரம் என்ற ஐ.நா. இலக்கு நடக்குமா?

இப்போதைய வேகத்தில் நடக்காது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் புதிய இணைப்புகள் மக்கள்தொகைப் பெருக்கத்தோடு மட்டுமே ஈடுகொடுக்கின்றன. உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் 2024-இல் 'மிஷன் 300' என்ற திட்டத்தை அறிவித்தன: 2030-க்குள் 30 கோடி ஆப்பிரிக்கர்களுக்கு மின்சாரம். அதில் பெரும் பங்கு சோலார் வீட்டு அமைப்புகளும் மினி கிரிட்டுகளும் வழியாகத்தான் வர வேண்டியிருக்கும். நைஜீரியாவுக்கு மட்டும் இந்த வகைத் திட்டம் ஒன்றுக்கு 75 கோடி டாலரை உலக வங்கி 2023 டிசம்பரில் ஒதுக்கியது. அதன் இலக்கு 1.75 கோடி மக்கள்.

நான் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு சோலார் திட்டத்துக்காகப் பணம் கொடுக்க நினைக்கிறேன். என்ன கேட்க வேண்டும்?

எத்தனை விளக்கு கொடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள். மூன்று வருடம் முன்பு கொடுத்தவற்றில் இன்று எத்தனை எரிகின்றன என்று கேளுங்கள். பழுதுபார்க்கப் பயிற்சி பெற்றவர் அந்த ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், மாற்று பேட்டரி எந்தக் கடையில் கிடைக்கும், அதன் விலையை அந்தக் குடும்பம் எப்படிச் சேர்க்கும், செத்த பேட்டரியை யார் எடுத்துப் போவார் என்று கேளுங்கள். ஏற்கெனவே தவணையில் விற்பவர்கள் இருக்கும் ஊரில் இலவசமாகக் கொடுக்கப் போகிறார்களா என்பதும் முக்கியம். அப்படியானால் அந்த விற்பனையாளரின் பழுதுபார்ப்பு சேவைக்கும் ஆபத்து வந்துவிடும். பொருளாகக் கொடுப்பதைவிட, மிக ஏழைக் குடும்பங்களின் முன்பணத்துக்கோ மாற்று பேட்டரிக்கோ உதவச் சொல்லலாம். இந்தக் கேள்விகளுக்கு எண்களோடு பதில் வந்தால் தயங்காமல் கொடுங்கள்.